குடியரசுத் தலைவரிடம் சொத்துவரி கேட்ட கதை

நான் வேலை பார்த்த நகராட்சி ஒரு தடவை இந்தியக் குடியரசுத் தலைவரை வரி பாக்கிக்காரர் என்று பிளக்ஸ் அடித்துப் பஸ் ஸ்டாண்டில் கட்டியது. பட்டியலில் அவருக்குத்தான் முதலிடம். அந்தப் பட்டியல் என் மேஜையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போனது. வருவாய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஊழியர் சங்கத்தில் கேட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்ததில் நான் நல்லபடியாகச் செய்த காரியங்களும் சில உண்டு. அவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆகவே இதையே எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் பதனிடும் டேனரிகளும் ஷூ கம்பெனிகளும்தான் எங்களுக்குப் படியளப்பவை. வரி கேட்கப் போனால் டேனரி முதலாளி முதலில் நாற்காலி போடச் சொல்வார். அப்புறம் டீ வரும். அப்புறம் பிஸ்கட் வரும். பிஸ்கட்டைக் கடிக்கும்போது வெளிநாட்டு ஆர்டர் கைநழுவிப் போன கதையை ஆரம்பிப்பார், கண்ணும் லேசாகக் கலங்கும். பிஸ்கட் வரைக்கும் உட்கார்ந்தவனுக்கு வரி வராது. டீயோடு எழுந்திருக்கத் தெரிந்தவன்தான் நல்ல பில் கலெக்டர். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு தலைமை எழுத்தர். அவர் சொல்லித் தந்தது மொத்தமே ஒரு சொல்தான். கீழே இருப்பவன் ஏதாவது சந்தேகம் கேட்டுக் குறிப்பு எழுதி அனுப்புவான். 'சரி' என்று எழுதினால் நாளைக்கு நாம் மாட்டுவோம். 'கூடாது' என்று எழுதினாலும் மாட்டுவோம். அதனால் குறிப்பின் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதியும் போட்டுத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். என்னிடம் வந்து இதுபற்றிப் பேசு என்று அர்த்தம். யாரும் வந்து பேச மாட்டார்கள். கோப்பு போய்த் தூங்கிவிடும். "பேசவும்னு எழுதினவன் மாட்டினதா சரித்திரமே கெடையாதுடா" என்பார். ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் அவரைக் கறைபடியாத கரம் என்று புகழ்ந்தார்கள். எதையுமே எழுதாத கரத்தில் கறை எப்படிப் படியும்.

நானும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பில் கலெக்டரிலிருந்து ஆர்.ஐ. வரைக்கும், அதாவது வருவாய் ஆய்வாளர் நாற்காலி வரைக்கும், வந்துவிட்டேன். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம்கூட இல்லை. அப்போதுதான் இது நடந்தது.

பைபாஸ் பக்கம் மத்திய அரசின் தோல் பரிசோதனைக் கூடம் ஒன்று இருந்தது. ஏற்றுமதிக்குப் போகும் தோலில் வேண்டாத ரசாயனம் இருக்கிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பார்கள். இடமும் கட்டடமும் மத்திய அரசுக்கே சொந்தம். மத்திய அரசு தன் சொத்தை எழுதும்போது இந்தியக் குடியரசுத் தலைவர் பெயரில் எழுதுவதுதான் வழக்கம். எங்கள் பழைய பதிவேட்டிலும் உரிமையாளர் பெயர் அப்படியே இருந்தது. பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது அது தகப்பன் பெயர் கேட்டது. தகப்பன் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. ஒப்பந்த அடிப்படையில் வந்து தட்டச்சு செய்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'த/பெ: பாரத அரசு' என்று அடித்தார். தொழில் என்ற இடத்தில் 'அரசு வேலை' என்று போட்டார். யோசித்துப் பார்த்தால் இரண்டிலும் தப்புச் சொல்ல முடியாது.

ஒவ்வொரு அரையாண்டும் அந்தக் கூடத்துக்கு நாங்கள் சொத்துவரி நோட்டீஸ் அனுப்புவோம். ஒவ்வொரு அரையாண்டும் அவர்கள் ஒரே பதிலை அனுப்புவார்கள். அரசியலமைப்புச் சட்டம் 285ஆம் பிரிவின்படி மத்திய அரசின் சொத்துக்கு மாநில அரசோ, மாநிலத்தில் உள்ள நகராட்சி போன்ற அமைப்போ வரி போட முடியாது என்று அதில் இருக்கும். காரணம் எளிதுதான். இரண்டு அரசுகளும் ஒன்றின் மடியில் மற்றொன்று கை விட ஆரம்பித்தால் ஆட்சி நடக்காது. மாநில அரசின் சொத்துக்கு மத்திய அரசு வரி போடுவதற்கும் இதே மாதிரி தடை இருக்கிறது. நாங்கள் அந்தப் பதிலைக் கோப்பில் கட்டிவிட்டு அடுத்த அரையாண்டு மறுபடியும் நோட்டீஸ் அனுப்புவோம். அவர்களுக்கும் கோபம் இல்லை, எங்களுக்கும் கோபம் இல்லை. இரண்டு ஆபீசிலும் ஒரு குமாஸ்தாவுக்கு வேலை இருந்தது.

அந்த வருஷம் புதுக் கமிஷனர் வந்தார். இளைஞர், சுறுசுறுப்பானவர். நூறு சதவீதம் வசூல் என்று சுவரில் எழுதி வைத்தார். பெரிய பாக்கிக்காரர்கள் பத்துப் பேர் பெயரைப் பிளக்ஸ் அடித்து ஊரெல்லாம் கட்டுவது, ஆட்டோவில் மைக் வைத்து அவர்கள் வாசலில் அறிவிப்பது, அப்படியும் கட்டாவிட்டால் வாசலில் குப்பைத் தொட்டியைக் கொண்டுபோய் வைப்பது என்று திட்டம் போட்டார். பத்துப் பேரைப் பொறுக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்தது. அதற்கு யார் பெயர் எவ்வளவு பெரியது என்பது தெரியாது, பாக்கி எவ்வளவு பெரியது என்பதுதான் தெரியும்.

பட்டியலைத் தயார் செய்தவள் கோமதி. குடியாத்தத்தில் விசைத்தறியில் லுங்கி நெய்யும் குடும்பத்துப் பெண். தேர்வு எழுதி மூன்று தடவை தோற்று, நாலாவது தடவை தேறி, பில் கலெக்டராக வந்திருந்தாள். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதற்குள் ஏதாவது வில்லங்கம் வந்தால் வேலை போய்விடும். வேலை போனவள் என்ற பெயரோடு வேறு அரசு வேலைக்கு விண்ணப்பிப்பதும் கஷ்டம். தறிச் சத்தத்துக்கு நடுவில் படித்தவள், அதனால் சத்தமாகத்தான் பேசுவாள். ஆபீசில் அது ஒரு குறையாகவே பேசப்பட்டது.

அவள் பட்டியலை அனுப்பும் முன் எனக்கு ஒரு குறிப்பு எழுதினாள். எனக்கு அது மனப்பாடம். 'வரிசை எண் ஒன்றில் உள்ள சொத்தின் உரிமையாளர் மத்திய அரசு என்பதால் சொத்துவரி விதிக்க இயலுமா, அல்லது குடிநீர், வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றுக்குச் சேவைக் கட்டணமாக மட்டும் கேட்கலாமா என்று தெளிவுரை வேண்டப்படுகிறது. அதுவரை பட்டியலில் சேர்க்க வேண்டாம் எனக் கருதுகிறேன்.' இதைவிடச் சரியாக ஒரு வக்கீலும் எழுதியிருக்க முடியாது. நான் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் அவள் என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"இன்னாம்மா?"

"பேசவும்னு போட்டிருந்தீங்க சார். பேச வந்தேன்."

என் சர்வீஸில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டுப் பேசுவதற்காக ஒருத்தர் வந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அப்புறம் பாக்கலாம்மா, வசூல் டைம்" என்றேன். மறுநாளும் வந்தாள்.

"பேஜார் பண்ணாதம்மா. கம்ப்யூட்டர்ல இருக்கறத அப்படியே எடுத்து அனுப்பு. மேல இருக்கறவங்க பாத்துப்பாங்க."

"மேலன்னா யாரு சார்? எனக்கு மேல நீங்கதான்."

நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். மறுமுனையில் யாரும் இல்லை. அவள் போய்ப் பட்டியலை அனுப்பினாள்.

பிளக்ஸ் வந்தது. முதல் வரி இப்படி: 'இந்தியக் குடியரசுத் தலைவர், த/பெ பாரத அரசு, பைபாஸ் ரோடு.' இரண்டாவது பெயர் ஒரு டேனரி முதலாளியுடையது. மானம் போய்விட்டது என்று அவர் சண்டைக்கு வருவார் என்று பயந்தோம். அவர் குடும்பத்தோடு வந்து பிளக்ஸுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். "ராஷ்டிரபதிக்கு அடுத்தது நான்தான், இன்னா சொல்றீங்க?" என்று டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னார். எங்களுக்கும் கிடைத்தது. பிஸ்கட் வரும் முன் எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் ஆட்டோ கிளம்பியது. அறிவிப்பில் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்து வாசலில் நின்று ஆட்டோக்காரர் முழுத் தொண்டையில் படித்தார். "திரு. இந்தியக் குடியரசுத் தலைவர் அவர்களே, நீங்கள் நகராட்சிக்குச் செலுத்த வேண்டிய சொத்துவரியை மூன்று நாட்களுக்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்." எதிரில் டீக்கடை வைத்திருந்த பாய் என்னைக் கூப்பிட்டார்.

"சார், மூணு நாள் கம்மி சார். டெல்லிலேந்து ரயில்லயே ரெண்டு நாள் ஆவும்."

சிரிப்பு எனக்கும் வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டேன், யூனிபார்ம் இல்லாவிட்டாலும் உத்தியோகம் உத்தியோகம்தானே. நாலாம் நாள் குப்பைத் தொட்டியை ஏற்றிக்கொண்டு நானே போனேன். கூடத்தின் பொறுப்பு அதிகாரி சித்தூர்ப் பக்கத்துக்காரர், தன்மையான மனிதர். வெளியே வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏமண்டி, இதுகூட ராஷ்டிரபதி பேர்லதான் வரவு வெக்கணுமா?"

"மேலிடத்து உத்தரவு சார்."

"சரி. நானும் என் மேலிடத்துக்கு எழுதறேன்" என்றார். எழுதினார். எங்கள் மேலிடம் கமிஷனரின் சுவர் எழுத்து வரைக்கும்தான் போயிற்று. அவருடைய மேலிடம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று.

அதற்குள் யாரோ பிளக்ஸைப் படம் எடுத்து ஊர் உலகமெல்லாம் பரப்பிவிட்டார்கள். ஆலங்காயத்திலிருந்து என் மைத்துனன் போன் செய்து, "மாமா, அடுத்தது பிரதமரா?" என்றான். ஒரு முதலாளி ஆபீசுக்கே வந்து, தன் ஷெட்டையும் குடியரசுத் தலைவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா, அப்படிச் செய்தால் வரி இல்லையாமே என்று கேட்டார். சொத்தே அவர் பெயருக்குப் போய்விடும் என்று சொன்ன பிறகுதான் எழுந்து போனார். உயர் நீதிமன்றம் எங்கள் நோட்டீசுக்குத் தடை விதித்தது. கமிஷனர் என்னைக் கூப்பிட்டார். முகம் கறுத்திருந்தது.

"யாருய்யா பட்டியலை அனுப்பினது? அந்தப் பொண்ணுதானே?"

"ஆமா சார்."

அவ்வளவுதான் நான் சொன்னது. இரண்டே சொல், இரண்டும் உண்மை. நான் சர்வீஸில் சொன்ன பொய்களையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த உண்மைக்கு ஈடாகாது. அன்று சாயங்காலத்துக்குள் கோமதி சஸ்பெண்ட் ஆனாள். தகுதிகாண் பருவத்திலேயே ஏன் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு மெமோவும் போயிற்று. தண்ணீரும் தப்பும் மேட்டில் தங்காது, பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். நம் ஆபீஸ்களில் ஆகக் கீழான பள்ளம் தகுதிகாண் பருவம்தான்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. நகராட்சி வக்கீலுக்கு உதவியாகக் கோப்பை எடுத்துக்கொண்டு நான் சென்னைக்குப் போக வேண்டும். வக்கீல் தயாரித்த பதில் மனுவில், அனுபவமற்ற தகுதிகாண் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் இந்தத் தவறு நேர்ந்தது, அவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது என்று இருந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் எங்கள் மேனேஜர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்.

"கோப்புல அந்தப் பொண்ணோட நோட்டு இருக்குதாமே. அது இருந்தா சஸ்பென்ஷன் நிக்காது. பேசவும்னு எழுதினவனும் நிக்க மாட்டான். கோப்பு உன் கையிலதான போவுது."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அதே தலைமை எழுத்தரிடம் படித்தவர்தான். எல்லோரும் டீ குடிக்கப் போனபின் நான் கோப்பின் கயிற்றைத் தளர்த்தினேன். அந்தத் தாளை மட்டும் உருவி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் எடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கயிற்றில் கட்டியிருந்ததைவிடப் பத்திரமான இடம் என் சட்டைப் பை என்று எனக்கு எப்படித் தோன்றியதோ.

காலை ரயிலில் உட்கார்ந்தால் எதிர் சீட்டில் கோமதி. குடியாத்தத்தில் ஏறியிருக்கிறாள். அவளை யாரும் கோர்ட்டுக்குக் கூப்பிடவில்லை.

"நீ எதுக்கும்மா வர்ற?"

"என் வேலைய பத்திப் பேசறாங்க. நான் கேக்க வேணாமா சார்?"

வண்டி காட்பாடியைத் தாண்டியது. அப்புறம் கேட்டாள்.

"கோப்புல என் நோட்டு இருக்குல்ல சார்?"

கோப்பு என் மடியில் இருந்தது. தாள் என் பையில் இருந்தது. மூச்சு விட்டால் அது சரசரக்கிற மாதிரி இருந்தது.

"கோப்புல எல்லாம் இருக்கும்மா."

அவள் முகம் தெளிந்தது. டப்பாவைத் திறந்து புளிச்சோறு கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் வாங்கிச் சாப்பிட்டேன்.

கோர்ட்டில் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. மத்திய அரசு வக்கீல் 285ஆம் பிரிவைப் படித்தார். எங்கள் வக்கீல், வரி இல்லை என்றால் கூடத்துக்குப் போகும் தண்ணீருக்கும் வாசலில் எரியும் விளக்குக்கும் யார் பொறுப்பு என்று கேட்டார். நீதிபதி, அப்படியானால் அதைக் கட்டணம் என்று கேட்டிருக்க வேண்டும், நோட்டீசில் சொத்துவரி என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள் என்றார். வரி என்றால் எதற்கு என்று கேட்காமல் கட்ட வேண்டியது. கட்டணம் என்றால் கிடைத்த சேவைக்குக் கொடுப்பது. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் நமது முழு உத்தியோகமும் இருக்கிறது, தம்பிகளே, தங்கைகளே. கோமதி அதைக் குறிப்பில் எழுதினாள். நான் அதைப் படிக்காமலே சுருக்கொப்பம் போட்டேன்.

எங்கள் வக்கீல் பதில் மனுவுக்கு வந்தார். அனுபவமற்ற தகுதிகாண் ஊழியர் என்ற இடத்தில் நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். கோப்போடு வந்திருக்கும் அதிகாரி யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். நான் முழிப்பதைப் பார்த்தோ என்னவோ, அவர் தமிழுக்கு மாறினார்.

"நாட்டின் தலைவரை வரி பாக்கின்னு பிளக்ஸ் அடிக்கறதுக்கு முன்னாடி, உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரலையா?"

இந்த இடத்தில் நான் வீரனாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் 'நோ மை லார்ட்' என்று சொல்லியிருப்பேன். அது எனக்கு வாய்ப்பாடாக வரும். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்ல வேண்டும். தமிழில் பதில் சொல்வதென்றால் என்ன சொல்கிறோம் என்பது காதில் விழுந்துவிடும். பின் வரிசையில் கோமதி உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் முதுகில் உறைத்தது.

"ஒருத்தருக்கு வந்துச்சுங்கய்யா."

"யாருக்கு?"

பையிலிருந்து தாளை எடுத்தேன். நாலு மடிப்பையும் பிரித்து நீட்டினேன். உதவியாளர் வாங்கி மேலே கொடுத்தார். எங்கள் வக்கீல் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே ஓய்வு பெற்றுவிட்டேன். நீதிபதி குறிப்பை முழுதாகப் படித்தார். அப்புறம் தாளைக் கொஞ்சம் திருப்பி ஓரத்தைப் படித்தார்.

"பேசவும்னு எழுதியிருக்கே. எழுதினது யாரு?"

"நான்தாங்கய்யா."

"பேசினீங்களா?"

"அவங்க வந்தாங்கய்யா. ரெண்டு தரம். நான்தான் பேசல."

கோர்ட்டில் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

தீர்ப்பு நமக்குப் பாடமாக வைக்கவேண்டியது, தேடிப் படியுங்கள். மத்திய அரசின் சொத்துக்குச் சொத்துவரி கேட்டு நகராட்சி அனுப்பிய நோட்டீஸ் செல்லாது. பெயர் எதுவானாலும் அடிப்படையில் வரியாக இருப்பதை நகராட்சி கேட்க முடியாது. ஆனால் குடிநீர், வடிகால், விளக்கு போன்ற சேவைகளை அனுபவிக்கிற மத்திய அலுவலகமும் அவற்றுக்கான கட்டணத்தைக் கொடுக்க மறுக்கக் கூடாது. எவ்வளவு என்பதை இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். கடைசிப் பத்தியில், சரியான கேள்வியை உரிய நேரத்தில் எழுப்பிய ஒரே ஊழியர் மீதே நடவடிக்கை எடுத்திருப்பது வேதனைக்குரியது, அதை நகராட்சி மறுபரிசீலனை செய்யும் என்று நம்புகிறோம் என்று இருந்தது. உயர் நீதிமன்றம் நம்புகிறோம் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று கமிஷனருக்குத் தெரியும். அந்த வாரமே கோமதியின் சஸ்பென்ஷன் ரத்தானது. தகுதிகாண் பருவமும் நல்லபடியாக முடிந்தது.

எனக்கு மெமோ வந்தது, ஒரு ஊதிய உயர்வும் போனது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை, சரியான விலாசத்துக்கு வந்த முதல் மெமோ அதுதான். வேடிக்கை என்னவென்றால், ஊரில் நான் பெரிய மனிதனாகிவிட்டேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று நீதிபதி முன்னால் உண்மையைச் சொன்னவன் என்று பேச்சு. விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போனால் தெரியாதவர்கள்கூட வணக்கம் வைத்தார்கள். சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள். உங்களுக்கு எழுதச் சொல்லி என்னைக் கேட்டதே அந்தச் சால்வைக் கணக்கில்தான். அந்த விழாவுக்குக் கோமதி வரவில்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை என்று மேடையில் சொன்னார்கள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

தீர்ப்புக்குமுன் விசாரணை நடந்த அன்று, கோர்ட்டிலிருந்து சென்ட்ரலுக்கு இருவரும் நடந்தே வந்தோம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிளாட்பாரத்தில் வண்டிக்கு நிற்கும்போது கேட்டாள். சத்தமாகப் பேசுகிறவள் அன்று மெதுவாகக் கேட்டாள்.

"ரயில்ல கேட்டப்போ கோப்புல இருக்குன்னீங்க சார்."

"ஆமாம்மா."

"அது உங்க சட்டைப் பையிலேந்து வந்துச்சு."

நீதிபதி அதைக் கேட்கவில்லை. எங்கள் வக்கீல் கேட்கவில்லை, எதிர்த்தரப்பு வக்கீலும் கேட்கவில்லை. அத்தனை கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில் அவள் ஒருத்திதான் கவனித்திருக்கிறாள்.

"ஜட்ஜு கேக்காம இருந்திருந்தா, அத இன்னா பண்ணியிருப்பீங்க சார்?"

கொடுக்கத்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருக்கக்கூடும். ஆனால் புளிச்சோற்று டப்பா அவள் கையில் இருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

"நீங்க சொன்னதாலதான் எனக்கு வேலை நிலைக்கும். அது எனக்குத் தெரியும். ஆனா தேங்க்ஸ் சொல்ல வாய் வரல சார்."

வண்டி வந்ததும் அவள் பெண்கள் பெட்டிக்குப் போய்விட்டாள்.

மறுபடி வேலையில் சேர்ந்தபின் நான் ஓய்வு பெறும்வரை இரண்டு வருஷம் ஒரே அறையில் வேலை செய்தோம். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பண்டிகைக்கு வீட்டுப் பலகாரம்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் ஒவ்வொரு கோப்பையும் என்னிடம் கொடுப்பதற்கு முன்னால், என் மேஜை மேலேயே விரித்து வைத்து, எல்லாப் பக்கத்தையும் ஒன்றுவிடாமல் செல்போனில் படம் எடுத்துக்கொள்வாள். மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கும். படம் சரியாக விழட்டும் என்று நான்தான் ஓரத்தைப் பிடித்துக்கொள்வேன்.